டேஷ்போர்டுக்குள் ஒரு நாத்தனார்

வண்டி முழுசாக நிற்பதற்குள் அத்தை கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். முட்டி வலிக்காரி அவ்வளவு வேகமாக இறங்கி அவன் பார்த்ததில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. அடுத்த வாரம் நான் வாடகை வண்டியில போய்க்கிறேன்."

"ஏன் அத்தை?"

"அந்தச் சத்தம். வீட்டுல படுத்தாலும் காதுக்குள்ள முணுமுணுங்குது. அத நிறுத்துங்க, வர்றேன். இல்லாட்டி வேணாம்."

வாரத்துக்கு ஒருமுறை மனைவியின் அம்மாவை முட்டி வைத்தியத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவன் வேலை. யாரும் சொல்லி ஏற்றுக்கொண்டதல்ல. மகளே கண்மூடிப் போனபின் மருமகன் என்ன உறவு என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு அந்த ஒரு பயணம்தான் கையில் இருந்தது. அத்தை பின்சீட்டில்தான் உட்காருவாள். முன்சீட்டை இருவருமே பார்ப்பதில்லை. அதிகம் பேசுவதும் இல்லை. ஆனாலும் மற்ற நாட்களில் அந்த அளவுக்குக்கூட அவனிடம் பேச ஆள் கிடையாது.

சத்தம் காற்றைத் தள்ளும் ப்ளோயரிலிருந்து வந்தது. காற்றைத் திறந்ததும் டேஷ்போர்டுக்கு அடியில், முன்சீட்டுக்காரரின் கால்மாட்டில், முணுமுணுப்பு தொடங்கும். நடுநடுவே 'டிக்' என்று ஒரு நொடிப்பு. அதற்கு 'நாத்தனார்' என்று பெயர் வைத்தவள் அவன் மனைவி. அவன் ஒற்றைப் பிள்ளை. "நாத்தனார் இல்லாத வீடு, குடுத்து வச்சவ நீன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்க வண்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றாள். வம்பு மிஞ்சினால், பின்சீட்டில் அம்மா இருந்தாலும், செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் ஒரு உதை. சத்தம் நின்றுவிடும். "பாத்தீங்களா, மரியாதை தெரிஞ்ச நாத்தனார்." சரிபண்ணிவிடலாம் என்று அவன் சொன்னபோதெல்லாம் தடுத்தவளும் அவள்தான். "இருக்கட்டுமே. நமக்குள்ள சண்டை வந்தா நான் யார்கிட்ட பேசுறதாம்?"

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நாத்தனார் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். அவள் உதைக்கவில்லை.

அதன்பின் மழை நாளில்கூட அவன் ப்ளோயரை நிறுத்தியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியின் தம்பி ஸ்பேனர் பெட்டியோடு வந்தான். அத்தை அனுப்பியிருக்க வேண்டும்.

"வீடியோ பாத்துட்டேன் அத்தான். அஞ்சே நிமிஷ வேலைங்கிறான்."

"அவனுக்கு."

"நமக்குப் பத்துன்னு வச்சுக்குங்க. வண்டியப் பிரிக்கிறோம், வாழ்க்கையவா பிரிக்கிறோம்?" சொல்லிவிட்டு மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி ப்ளோயரைப் போட்டான். சத்தம் இருந்தது. அப்படியென்றால் இஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்றில் முணுமுணுப்பு, இரண்டில் புகார், மூன்றில் சண்டை. விசிறியோடு சேர்ந்தே ஏறியது. "விசிறியிலதான் என்னமோ மாட்டியிருக்கு" என்றான்.

"எலி குடும்பம் நடத்துதோ என்னவோ" என்றான் மச்சான்.

டேஷ்போர்டின் பெட்டியை முதலில் காலி செய்ய வேண்டியிருந்தது. ஒரு கால் உடைந்த கூலிங்கிளாஸ், காய்ந்துபோன பேனா, ஒரு பல் போன பச்சைச் சீப்பு. மனைவி ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பாதவள். பாதிச் சீவலில் ஓடிவந்து ஏறி, மீதியை வண்டியில் முடிப்பாள். அவன் அவற்றை முன்சீட்டில் வைத்தான். பெட்டியைக் கழற்றி, கீழே மல்லாந்து படுத்து, வயரைப் பிடுங்கி, மூன்று ஸ்க்ரூவையும் எடுத்தான். மோட்டாரும் அதன் தலையில் வட்டக் கூண்டு மாதிரி விசிறியும் அவன் மார்பின்மேல் இறங்கின.

மச்சான் செல்போன் வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுவந்தான். தூசி. ஒரு சருகு. விசிறிக்கு அடியில், அச்சைச் சுற்றிச் சுற்றி இறுகிப்போன நீளமான தலைமுடி.

பழைய வண்டி, காற்றை வடிகட்ட எதுவும் கிடையாது. உள்ளிழுக்கும் வாய் அவள் சீட்டின் கால்மாட்டில் இருந்தது.

வெளிச்சம் ஆடியது. "அத்தான், இது..."

"ஆமா."

"நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று போன மச்சான் உடனே திரும்பி வரவில்லை.

அவன் எழுந்து உட்கார்ந்து விசிறியை விரலால் சுற்றிவிட்டான். கைக்குள்ளேயே அது மெல்ல முணுமுணுத்தது. இப்படியே மாட்டிவிடலாம். மோட்டாரே போய்விட்டது, கிடைக்க நாளாகும் என்று சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அத்தை வாடகை வண்டியில் போவாள். சத்தம் அவனுக்கு மட்டும் மிஞ்சும். இன்னொருமுறை சுற்றிவிட்டான். பிறகு இன்னொருமுறை.

கடைசியில் உள்ளே போய் ஊசி எடுத்துவந்தான். ஒரு முடியும் அறுந்துவிடாமல் நெம்பி நெம்பி எடுத்தான். மோதிரம் போல வளையமாகக் கழன்று வந்தது. அதிலிருந்து பச்சையாக ஏதோ மடியில் விழுந்தது. சீப்பை எடுத்து வைத்துப் பார்த்தான். உடைந்த பல், இடைவெளியில் சரியாகப் பொருந்தியது.

அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு எல்லாவற்றையும் மாட்டினான். சீப்பையும் வளையத்தையும் பெட்டிக்குள் வைத்து மூடினான். ப்ளோயரைப் போட்டான். வெறும் காற்று வந்தது.

அடுத்த வாரம் அத்தை வந்து பின்சீட்டில் ஏறினாள்.

"நின்னுடுச்சு அத்தை."

"ம்."

பாதி தூரம் வந்தாயிற்று. கண்ணாடியில் பார்த்தான். அத்தை தலையைச் சற்றுச் சாய்த்து, பக்கத்து அறையில் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். போய்விடப்போகிறாள் என்று நினைத்தான். முன்கதவு திறந்தது. அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலிக்கிற காலையே தூக்கிக் குதிகாலால் டேஷ்போர்டின் அடியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்ன, நாத்தனார் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

அவன் கை தானாகப் போய் ப்ளோயரைக் கடைசி எண்ணுக்குத் திருப்பியது. இருவரும் கவனித்தார்கள். காற்று மட்டும் பெரிதாக வந்தது. அத்தையின் கொண்டையிலிருந்து ஒரு நரைமுடி பிரிந்து, சீட்டின் விளிம்பில் தொங்கி, மெதுவாகக் கால்மாட்டை நோக்கி இறங்கத் தொடங்கியது. அதை எடுத்துப்போட இருவருமே கையை நீட்டவில்லை.