வாசுவுக்கும் ரோஹானாவுக்கும் நடுவே ஒரு கோடு

“ஒரே ஒரு கோடுதானே தங்கச்சி, பென்சில்லயாவது போட்டா—”

“ரெண்டு பேரும் பேரு எழுதியிருக்கணும்ண்ணே, எத்தனை தடவை சொல்றது—”

“மூணு வருஷமா அவளுக்கு கேசட் கொண்டு போனவன் நான்லா,” என்றான் வாசு.

ஜெலுத்தோங் கோப்பிக்கடை மேசையில் மேசையகலத்துக்கு ஒரு வெள்ளை மாஜோங் தாள் விரிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் மூலைக்கு ஒரு கிளாஸ். அருந்ததி பல்கலைக்கழக ஆய்வுக்காக வரைந்த படம். ரேடியோவில் வராத, கடையில் கிடைக்காத மெட்டல் ராக் பாட்டை பினாங்கில் யார் யாருக்குக் கேசட்டில் பதிந்து கொடுக்கிறார்கள் என்று நாற்பத்தொரு பேரிடம் கேள்விகள் அச்சடித்த பாரம் கொடுத்துக் கேட்டிருந்தாள். ஆளுக்கு ஒரு புள்ளி. ஒருவர் பேரை மற்றவரும் எழுதியிருந்தால்தான் நடுவே கோடு.

வாசுவின் புள்ளியிலிருந்து பதினாறு கோடுகள் போயின. அக்கரை பட்டர்வொர்த் தொழிற்சாலைப் பையன்களையும் தீவுக்காரர்களையும் சேர்த்து வைத்திருப்பதே அவன்தான், அவனை எடுத்துவிட்டால் படம் இரண்டாகப் பிரிந்துவிடும் என்றாள் அருந்ததி. வேறு யாராவது என்றால் அதைக் கேட்ட சந்தோஷத்தில் அவளுக்கு இன்னொரு கோப்பி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். வாசு ரோஹானாவின் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோஹானா இங்கே தீவில் ஒரு பட்டறை மாடியில் ஒரு குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வாசு ஃபெரியில் வருவான். அவள் ஃபெரி வந்து சேரும் ஜெட்டியிலேயே நிற்பாள். கேசட்டை அங்கேயே வாக்மேனில் போட்டு, ஆளுக்கொரு காதாகக் கேட்பார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் அவன் அடுத்த ஃபெரியில் திரும்பிவிடுவான். போன மாதம் அவள் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். விலாசம் யாரிடமும் இல்லை. போவதற்கு இரண்டு வாரம் முன்புதான் பாரத்தை எழுதிக் கொடுத்திருந்தாள்.

அதை ஒரு தடவை காட்டச் சொன்னான். யார் பாரத்தையும் யாருக்கும் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள் அருந்ததி. அவன் முகத்தைப் பார்த்தவள், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள்.

“ஏழு பேரு எழுதியிருந்தாண்ணே. எட்டாவதா ஒண்ணு எழுதி, அடிச்சிருந்தா. அடிச்சத நான் கணக்குல எடுக்கறதில்ல.”

யார் பேர் என்று அவன் கேட்கவில்லை. அவள் கிளாஸ்களை எடுத்துவிட்டுத் தாளைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்ட விடாமல் ஒரு மூலையில் கை வைத்தான்.

“ஒரே கோடா அடிச்சிருந்தாளா தங்கச்சி, இல்ல யாரும் படிக்கக்கூடாதுன்னு மேல மேல கிறுக்கியிருந்தாளா?”