அப்பா பேசவேணுமாம்

கண்டறியாத வான் ஒண்டைக் கொண்டுவந்து என்ர வீட்டு வாசல்ல நிப்பாட்டிப்போட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கினான் என்ர தம்பி. சும்மா வான் இல்லை. உள்ளுக்குக் கட்டில், குசினி, ஃபிரிட்ஜ், கக்கூஸ், எல்லாம் கிடந்தது. ஒரு வீட்டுக்குச் சில்லுப் பூட்டி விட்ட மாதிரி.

"எப்பிடிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் கிடக்கு. சட்டி பானையோட வாகனத்தில ஏறி ஓடுறது எங்கட சனத்துக்குப் புதுசே? முந்தி குண்டுக்குப் பயந்து சும்மா ஓடினம். நீ காசு கட்டி ஓடுறாய், அவ்வளவுதான்."

அவன் சிரிச்சான். பாதிதான் விளங்கியிருக்கும்.

தனோஜன் என்ர கூடப்பிறந்தவன்தான். எனக்குப் பத்து வயசு இளமை. அம்மா செத்தாப்பிறகு, ஊரில சண்டையும் கூடிக்கொண்டு வர, அப்பா அவனை ஆறு வயசில திருச்சியில இருந்த தன்ர சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பிப்போட்டார். அந்த வீட்டுப் பிள்ளையாவே வளந்து, கொம்பியூட்டர் படிச்சு, இப்ப வேலையோட சிட்னிக்கு வந்து ஸ்ட்ராத்ஃபீல்டில இருக்கிறான். நான் கலியாணம் முடிச்ச நாளில இருந்து மெல்பேர்ன், டண்டினொங். பக்டரியில பிஸ்கற் அடுக்கிற வேலை. அவன் கதைக்கிறது இந்தியாத் தமிழ். "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?" எண்டு கடைக்காரனிட்டக் கேக்கிற மாதிரித்தான் என்னட்டக் கேப்பான். எனக்கு அது நெஞ்சுக்க குத்தும். நான் இடுப்பில தூக்கித் திரிஞ்ச பிள்ளை.

அந்த ஈஸ்டர் லீவுக்கு, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில, "நாம ரெண்டு பேரும் மட்டும் போவோம்க்கா, மெல்பேர்ன்ல இருந்து கடலோரமாவே சிட்னி வரைக்கும்" எண்டு அவன்தான் தொடங்கினது. என்ர மனுசன் விக்னராஜா உடன, "போட்டு வாரும் பாமா, பிள்ளையளை நான் பாக்கிறன்" எண்டிட்டார். ரெண்டு பேரும் சேந்து ஏதோ திட்டம் போட்டிருக்கினம் எண்டு எனக்குச் சந்தேகம்தான். எண்டாலும் வெளிக்கிட்டன்.

திட்டம் என்னெண்டு பெயார்ன்ஸ்டேல் தாண்டினாப்பிறகு வெளிய வந்தது. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு, ரோட்டையே பாத்தபடி சொன்னான்:

"அக்கா, அப்பா உங்ககிட்ட பேசணுமாம்."

எனக்கு விசர் வந்திட்டுது. "பேசவேணுமாமோ? பேசினது காணாதோ அந்த மனுசனுக்கு?"

"ஐயோ, திட்டுறதுக்கு இல்லக்கா. பேசுறதுக்கு."

எங்கட ஊரில கதைக்கிறது வேற, பேசுறது வேற. பேசுறதெண்டால் ஏசுறது. எந்தப் பேச்சைத் தம்பி சொல்லுறான் எண்டு எனக்குத் தெரியாமல் இல்லை, இந்தியாப் படம் பாத்துத்தானே நாங்களும் வளந்தனாங்கள். ஆனால் அப்பாவின்ர பேரோட அந்தச் சொல்லு வந்தால் எனக்கு ஒரே ஒரு கருத்துத்தான்.

விக்னராஜாவைக் கட்டப்போறன் எண்டு ஊருக்கு, கோண்டாவிலுக்கு, ஃபோன் கோல் எடுத்துச் சொன்ன அண்டைக்கு அப்பா பேசின பேச்சு இண்டைக்கும் காதுக்க நிக்குது. எளிய சாதியில விழுந்திட்டியோ எண்டார். "இண்டையோட எனக்கு மகள் இல்லை. என்ர செத்தவீட்டுக்கும் உன்ர நிழல் வரக்கூடாது" எண்டார். சரி, வரேல்லை எண்டு நானும் ஃபோனை வைச்சனான். அதுக்குப் பிறகு அவரும் எடுக்கேல்லை, நானும் எடுக்கேல்லை. என்ர ரெண்டு பிள்ளையளையும் அவர் படத்திலகூடக் கண்டதில்லை. அவற்ற பிடிவாதம் எனக்கு வராமல் வேற ஆருக்கு வரும்?

"தை மாசம் ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அப்பா மாறிட்டார்க்கா," எண்டான் தம்பி. "நான் போனப்ப உங்களைப் பத்தித்தான் கேட்டார். சிட்னில இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து ஊருக்குப் போயிடலாம். அதுக்குத்தான் இந்த ட்ரிப்பே."

"அப்ப உல்லாசப் பயணம் இல்லை, என்னைக் கடத்திக்கொண்டு போறாய்."

"ஆமா," எண்டான் கள்ளன்.

அண்டு பின்னேரம் லேக்ஸ் என்ட்ரன்ஸில வானை நிப்பாட்டி, நான் பொரியல் மிளகாயைச் சட்டியில போட, வானின்ர புகை அலாம் ஊரைக் கூட்டிக் கத்தத் தொடங்கீட்டுது. பக்கத்து வானில இருந்த வெள்ளைக்காரக் கிழவர் நெருப்பு எண்டு நினைச்சு வாளியோட ஓடி வந்தார். தம்பி துவாயால விசுக்க, நான் சிரிச்சுச் சிரிச்சு இருமினன். அந்த நேரம் மட்டும் நாங்கள் உண்மையா அக்கா தம்பி மாதிரி இருந்தம்.

அடுத்த நாள் காலமை ஓர்போஸ்ட் தாண்டி ரோட்டோரம் நிப்பாட்டி, நான் உள்ளுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்க, வெளிய அவன்ர ஃபோன் அடிச்சது. "ஹலோ, ஹலோ, மாமா, கேக்கல" எண்டு கத்திக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடினான். பிறகு கதவடிக்கு வந்து நிண்டான்.

"அக்கா, ஈஸ்வரமூர்த்தி மாமா பேசினார்."

அம்மாவின்ர தமையன். அப்பாவை வைச்சுப் பாக்கிறது அவர்தான்.

"ஏன் பேசினவர்? நீ என்ன பிழை விட்டனி?" எண்டு பகிடிக்குக் கேட்டன்.

அவன் சிரிக்கேல்லை. "அப்பாவுக்கு ரொம்ப மோசமா ஆயிடுச்சாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னார். அதுக்குள்ள கட் ஆயிடுச்சு. திருப்பி அடிச்சா போகமாட்டேங்குது, சிக்னலே இல்ல." பிறகு மெதுவா, "திரும்பிடலாமாக்கா? மெல்பேர்ன் போய் ஃபிளைட் புடிச்சிடலாம்" எண்டான்.

அங்க அப்ப விடியக் காலமை. அந்த நேரத்தில ஒரு மனுசன் ஏன் கோல் எடுக்கிறார் எண்டு நான் யோசிச்சிருக்கவேணும். யோசிக்கேல்லை. எனக்குக் கோபம்தான் முன்னுக்கு வந்தது. ஏலாமல் வந்தாப்பிறகுதானோ மகளின்ர நினைப்பு வருது?

"முன்னுக்கு ஓடு," எண்டன். "அவருக்கு நான் ஆர்?"

தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு ஓடினான்.

அந்த ரோட்டு இருக்கே, அப்பிடி ஒரு வடிவை நான் இந்த நாட்டில அதுக்கு முதல் கண்டதில்லை. ரெண்டு பக்கமும் வானத்தை முட்டின யூக்கலிப்டஸ் காடு. பட்டை உரிஞ்சு வெள்ளை வெளேரெண்டு நிண்ட மரங்கள். வளைவுக்கு வளைவு ஒரு ஆறு. வேற சனம் எண்டால் கூவிக் கும்மாளம் அடிச்சிருக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தன். தம்பி என்ர முகத்தைப் பாத்துப்போட்டு, மனசை மாத்துவம் எண்டு பாட்டுப் போட்டான்.

நான் மனசுக்குள்ள அப்பாவோட சண்டை பிடிச்சுக்கொண்டு போனன். என்ர மனுசன் உங்கட சாதி மாப்பிள்ளையள் எல்லாரையும் விட நல்லவர் தெரியுமோ எண்டு கேட்டன். உங்கட பேரப்பிள்ளையளுக்கு உங்கட மூக்கு எண்டு சொன்னன். இப்பிடிக் கேட்டுக் கேட்டுப் போக, காடு முடியேல்லை, கேள்விதான் முடிஞ்சு போச்சுது. பேந்து வேற நினைப்பெல்லாம் வரத் தொடங்கீட்டுது. அம்மா ஆஸ்பத்திரியில கிடந்த நாளில அப்பாதான் எனக்குத் தலை பின்னி விடுறவர். போஸ்ட் மாஸ்டர் வேலை. ரிபனைக் காணேல்லை எண்டு ஒருநாள் தபால் மூட்டை கட்டிற நூலால முடிஞ்சு விட்டார். பள்ளிக்கூடத்தில எல்லாப் பெட்டையளும் என்னைப் பார்சல் எண்டு கூப்பிட்டு அழப்பண்ணினவையள். அண்டு பின்னேரம் அந்த மனுசன் சைக்கிளில யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய் ஒரு முழுப் பெட்டி ரிபன் வாங்கிக்கொண்டு வந்தவர்.

ஏலாமல் கிடக்கிற ஆளோட என்ன போட்டி எண்டு தோணிச்சுது. மோசமெண்டாலும் உயிர் கிடக்குத்தானே. உயிர் போனாப்பிறகு ஆரோட கோவிக்கிறது? நானும் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவள்தானே, கல்லிலயே செய்தது என்னை?

மல்லக்கூட்டாவுக்கு இறங்கேக்க மத்தியானம் திரும்பீட்டுது. ஏரிக்கரையிலயே வானை விட இடம் தந்தினம். தண்ணி அசையாமல் கிடந்தது. பெலிக்கன்கள் கரையில ஏறி ஓய்வூதியக்காரர் மாதிரிக் குந்தியிருந்தினம். தம்பி ஃபோனைப் பாத்தான்.

"சிக்னல் வந்துடுச்சுக்கா."

"அப்ப மாமாவுக்கு எடு," எண்டன். "அப்பாவின்ர காதில ஃபோனை வைக்கச் சொல்லு. நான் கதைக்கப்போறன்."

அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். கண் கலங்கீட்டுது. "நிஜமாவா? என்னக்கா சொல்லப்போறீங்க?"

"முதல்ல நல்லாப் பேசுவன். பேந்து கதைப்பன்."

இந்தமுறை அந்தப் பகிடி அவனுக்கு விளங்கினது. வாய்விட்டுச் சிரிச்சான். சிரிச்சுக்கொண்டே நம்பரைத் தேடினான். இத்தனை வருசத்துக்குப் பிறகு என்னெண்டு தொடங்கிறது? அப்பா எண்டோ? எப்பிடி இருக்கிறியள் எண்டோ?

"பொறு, பொறு," எண்டன். "மாமா என்ன சொன்னவர்? ஒரு சொல்லும் விடாமல் அவர் சொன்னமாதிரியே சொல்லு. நிலைமை தெரிஞ்சுதான் நான் தொடங்கவேணும்."

அவன் தொண்டையைச் செருமி, மாமா மாதிரியே குரலை இழுத்து, எங்கட ஊர்த் தமிழில சொல்லிக் காட்டினான். "'தம்பி, அப்பா மோசம் போட்டார். கடைசி மட்டும் பாமாவைத்தான் கேட்டவர். அவளிட்டச் சொல்லு, அவள் வந்தால்தான்...' அதோட கட் ஆயிடுச்சு. எப்பிடி, கரெக்டா பேசுறேனா?"

அவன் சொன்ன விதத்துக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வாயில நிக்கவே, சொன்னது என்னெண்டு ஏறினது.

"எங்க, திருப்பிச் சொல்லு."

"'அப்பா மோசம் போட்டார்.' ஏன்க்கா, தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லையடா. சரியாத்தான் சொன்னனி."

நான் வானின்ர படியில இருந்திட்டன். அவன் பக்கத்தில குந்தி, "என்னக்கா? என்ன ஆச்சு? தண்ணி வேணுமா?" எண்டு பதறினான். அவனுக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்லவேணும். ஐயோ கடவுளே, எனக்கு வந்த வேலையைப் பார்.

"தம்பி, எங்கட ஊரில செத்தவரைச் செத்திட்டார் எண்டு சொல்லமாட்டினம். வாய் வராது. மோசம் போட்டார் எண்டுதான் சொல்லுவினம்."

"மோசம்னா..." எண்டான். "உடம்பு மோசமாயிடுச்சுன்னுதான..."

"அது மோசமாப் போறது. இது மோசம் போறது."

அவன் நெத்தியில ஓங்கி அடிச்சான். நான் கையைப் பிடிச்சன்.

"நான் டீ குடிச்சேன்க்கா. பாட்டுப் போட்டேன். எங்க அப்பா செத்துட்டார்னு எங்கிட்டத்தான் சொன்னாங்க, தமிழ்லதான் சொன்னாங்க, எனக்குப் புரியல. என்ன மகன் நான்?"

"வாயை மூடு. நீ ஒரு பிழையும் விடேல்லை. ஆறு வயசுப் பிள்ளையைக் கப்பலேத்தி விட்டால், அதுக்குச் செத்தவீட்டுச் சொல்லெல்லாம் ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

அப்பிடிச் சொல்லிப்போட்டு நான்தான் பெரிசா அழுதன். அந்தக் காம்பிங் இடத்தில இருந்த சனமெல்லாம் திரும்பிப் பாத்தது. பாக்கட்டும். அப்பா எண்டு கூப்பிட்டு அழுதன். கூப்பிடாமல் விட்ட அத்தனை வருசத்துக்கும் சேத்து. தம்பி என்ர தலையைத் தன்ர தோளில சாய்ச்சு, "அழாதக்கா, நீ அழாத" எண்டான். நீ எண்டான். அது வர எங்கட அப்பா சாகவேண்டிக் கிடந்தது.

மாமாவின்ர நம்பரை நானே அழுத்தினன். ரெண்டாம் ரிங் அடிக்க முதல் எடுத்திட்டார். பின்னால சனத்தின்ர சத்தம் கேட்டது.

"ஆர், தம்பியோ? எங்கையடா போனனி, எத்தினை தரம் எடுக்கிறது?"

"மாமா, நான் பாமா."

அங்கால மாமா அழுதார். அழுது முடிச்சுத்தான் சொன்னார்: "பிள்ளை, விடியப்புறம்தான். போன கிழமையே எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டுத்தான் கிடந்தவர். 'நான் சொன்ன சொல்லை நானே திருப்பி எடுக்கிறன், பாமா வந்தால்தான் என்னை எடுக்கவேணும்' எண்டு. உடம்பு பழுதாகாமல் ஊசி போட்டு வைக்க ஆளுக்குச் சொல்லியிருக்கு. எத்தினை நாளெண்டாலும் வைச்சிருப்பம். நீ வருவியோ மாட்டியோ எண்டுதான் இஞ்ச எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

செத்தவீட்டுக்கும் வரக்கூடாது எண்ட மனுசன். நான் வராமல் செத்தவீடு முடியாது எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார். அதை எனக்கு நேர சொன்னால் வாய் முத்து உதிர்ந்திடுமோ? அந்த நேரத்திலயும் எனக்கு அவரில கோபம் வந்தது. இனி அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது எண்டு தெரியேல்லை.

தம்பி எழும்பி, வெளிய விரிச்சு வைச்ச மடக்குக் கதிரையளை எடுத்து வானுக்க போட்டான். திறப்பைக் கையில எடுத்துக்கொண்டு, மெல்பேர்ன் பக்கம் கையைக் காட்டினான். நான் தலையாட்டினன்.

"வாறன் மாமா," எண்டன். "அவரை எடுத்துப்போடாதேங்கோ. எனக்கு அப்பாவோட பேசக் கிடக்கு."

எந்தப் பேச்சு எண்டு மாமா கேக்கேல்லை. தம்பியும் கேக்கேல்லை.