அட்டையில் இல்லாத பெயர்

பிப்ரவரி பதினான்கு அன்று நான் செய்தது சுத்தக் கோழைத்தனம். ஜப்பானில் காதலர் தினத்தன்று பெண்கள்தான் ஆண்களுக்கு சாக்லேட் தருவது; எங்கள் அலுவலகத்தின் கனசவா கிளையில் ஆண்கள் ஆறு பேர். ஐந்து பேருக்குக் கடையில் வாங்கிய கிரி சாக்லேட், அதாவது கடமைக்குக் கொடுப்பது. தொகாஷிக்கு மட்டும் ஹொன்மெய், மனதில் இருப்பவனுக்குக் கொடுப்பது. ஞாயிறு முழுக்க அடுப்படியில் நின்று நானே செய்தேன். யாருக்கும் தெரியக் கூடாதென்று அதையும் அதே நீலத்தாளில் சுற்றி வைத்துவிட்டேன். பிறகு அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இந்தப் புத்தி வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மார்ச் பதினான்கு வெள்ளை நாள், ஆண்கள் பதில் பரிசு தரும் நாள். மார்ஷ்மெல்லோ வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். பிஸ்கட் வந்தால் தோழமை. மிட்டாய் வந்தால் 'எனக்கும் உன்னைப் பிடிக்கும்' என்று அர்த்தம். இதற்கு நடுவில் ஏப்ரல் முதல் தேதி அவனுக்கு வடகோடியில் இருக்கும் சப்போரோவுக்கு மாற்றல் என்று அறிவிப்பு வேறு வந்தது.

அந்த நாளும் வந்தது. ஆண்கள் சேர்ந்து வாங்கிய பிஸ்கட் பெட்டி, பெண்கள் மூவருக்கும் ஆளுக்கொன்று. மேலே அவர்கள் பெயரெழுதிய அட்டை.

உடன் வேலை பார்க்கும் நினொமியா என் அட்டையை எட்டிப் பார்த்தாள். "எங்களுக்கு ஆறு பேரு எழுதியிருக்காங்க. உனக்கு அஞ்சுதான். தொகாஷி-சானக் காணோமே! என்னடி சண்டை?"

"மறந்திருப்பாரு" என்றேன். பிஸ்கட் பெட்டியை மூடி மேசைக்குள் தள்ளினேன். கடமைக்குக்கூட நான் ஆகவில்லையா?

மாலையில் குடையை எடுக்கப் போனால், வாசலில் அவனே நின்றான்.

"மிஸுகுச்சி-சான், ஒரு நிமிஷம்."

"என் அட்டையில உங்க பேரு இல்ல" என்றேன் வெடுக்கென்று.

"கடமைக்குக் கொடுத்ததுக்குத்தான அந்தப் பெட்டி? உங்களுது அப்படி இல்லையே."

"யார் சொன்னா?"

"என் பக்கத்து மேசை ஹிஷிதா-சானுக்கு நீங்க கொடுத்தது அச்சுல வார்த்த மாதிரி இருந்துச்சு. என்னோடது ஒரு பக்கம் கோணல்."

எனக்குக் காது சுட்டது. "அப்பவே தெரியுமா? ஒரு மாசமா வாயத் தொறக்கலயே!"

"வெள்ளை நாளுக்கு முன்னாடி எப்படிங்க பதில் சொல்றது?" அவன் உண்மையாகவே திகைத்தான். ஒரு சின்னத் தகரடப்பாவை இரண்டு கையாலும் நீட்டினான்.

திறக்கத் தைரியம் இல்லாமல் குலுக்கினேன். கலகலவென்றது. மிட்டாய்.

சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு மாதத்தை இரண்டு பேருமாக மரியாதை பார்த்தே வீணாக்கியிருந்தோம். அவன் சப்போரோ போக மீதி இருந்தது பதினேழு நாள்.