இருபது புடவை

எண்பத்து நாலாம் வருஷம் ஜூலை இரண்டாம் தேதி, என்னை வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தார் சோமசேகரன். எங்கள் புடவைக் கடையின் தலைமை மேலாளர், புதுச்சேரிக்காரர். காரைக்கால் கிளை என் பொறுப்பில் இருந்தது.

"போன ஜூன்ல நானூத்திப் பன்னெண்டு புடவை. இந்த ஜூன்ல நூத்தி எண்பத்தேழு. உங்க அலட்சியம்னு எழுதியிருக்கேன் சௌந்தரவல்லி, கையெழுத்துப் போடுங்க."

"மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமிக்குத்தான் சார், போன வருஷம் ஜூன்ல வந்துச்சு. இந்த வருஷம் ஜூலை பதிமூணு. காரைக்கால்மேடு, தலத்தெருன்னு சுத்துப்பட்டு ஊர்லேருந்தெல்லாம் சனம் இனிமேத்தான் வரும்."

"ஜூன்னா ஜூன்தான். எல்லாக் கிளைக்கும் ஒரே கணக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்து விற்பனைத் தாள்களை எடுத்தேன். வருஷத்துக்கு ஒரு தாள், மாதத்துக்கு ஒரு கட்டம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். திருவிழா ஜூலையில் வந்த எழுபத்தொன்பதையும் எண்பத்திரண்டையும் மட்டும், அவற்றின் ஜூலை மற்றதன் ஜூன்மேல் வரும்படி ஒரு கட்டம் நகர்த்திவைத்து, அந்தக் கட்டத்தில் ஊசியால் குத்தினேன். ஆறு தாளிலும், தீபாவளி மாதத்தை விட்டால், அந்தந்த வருஷத்தின் பெரிய எண்ணில்தான் ஓட்டை விழுந்தது.

"ஜோசியம் பாக்குறீங்களா?" என்றார்.

"கையெழுத்துப் போடமாட்டேன். ஜூலை முடிஞ்சதும் வாங்க."

ஒரு மாதக் கெடு வைத்துவிட்டுப் போனார். வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்தி.

ஆகஸ்ட் முதல் தேதி சிரித்துக்கொண்டே வந்தார். "போன ஜூலை நூத்தி எழுபத்தாறு. இப்ப நானூத்தி இருபத்தொண்ணு! பழைய கடிதத்தைக் கிழிச்சுட்டேன். நான் கண்டிச்சதால வியாபாரம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சுன்னு எழுதியிருக்கேன். உங்களுக்குச் சம்பள உயர்வு. கையெழுத்துப் போடுங்க."

"இதுவும் பொய் சார்."

அவர் முகம் சுண்டிப்போனது.

"ரெண்டு மாசத்தையும் கூட்டுங்க. போன வருஷம் ஐநூத்தி எண்பத்தெட்டு. இந்த வருஷம் அறுநூத்தி எட்டு. கூட வித்தது இருபது புடவை. அதை எழுதுங்க, போடுறேன்."

"இருபதுக்கு யாரும்மா சம்பளம் கூட்டுவா?"

"கூட்ட வேணாம். அடுத்த வருஷம் திருவிழா ஜூலை ரெண்டு. வியாபாரம் ஜூன்லயே முடிஞ்சிடும். அப்ப ஜூலை படுத்துடுச்சுன்னு எந்தக் கடிதத்தோட வருவீங்க?"

அவர் பேனாவை எடுத்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'இருபது' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

சம்பளம் அப்படியே இருந்தது. நானும் அப்படியே இருந்தேன்.