அவசரம் லேது

8.2.2025, சனி. இன்றைய தவறு: நிகிலிடம் போனில் தெலுங்கில் பேசும்போது ‘லேது’ என்று சொல்லிவிட்டேன். ‘காது’ என்று சொல்லியிருக்க வேண்டுமோ? செவ்வாய்க்கிழமை ஸ்மிதா மேடத்திடம் கேட்க வேண்டும்.

இதை எழுதி முடித்துவிட்டு ரோகிணி நிம்மதியாகத் தூங்கப் போனாள். ஹைதராபாத் மல்காஜ்கிரியில் நூலகத்து மாடியில் செவ்வாயும் வியாழனும் நடக்கும் தெலுங்கு மாலை வகுப்பில் ஸ்மிதா மேடம் கொடுத்திருந்த வீட்டுப்பாடம் அது. தினமும் ஒரு பிழை எழுத வேண்டும், எந்த மொழியில் எழுதினாலும் சரி. ரோகிணிக்குப் பிழைகளுக்குப் பஞ்சமே இல்லை. தமிழில் ‘இல்லை’ என்ற ஒரே சொல் பார்க்கிற வேலையைத் தெலுங்கில் ‘லேது’வும் ‘காது’வும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எது எங்கே வரும் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. கொண்டாப்பூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக, அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் அவள். அன்றைக்குச் சந்தேகப்பட வேண்டிய சொல்லை விட்டுவிட்டு, பக்கத்துச் சொல்லைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குப் பெரும் பாடாக இருந்தன. வாடகை குறைவு என்று எடுத்த வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு ஃபுட்பால் மைதானம். முதல் ஞாயிறு சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினாள். அடுத்த ஞாயிறு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதற்கடுத்த ஞாயிறு கோட்டோரம் நின்று, “ஹேண்ட் பால்! ஹேண்ட் பால்!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அப்படித்தான் மல்காஜ்கிரி டீமுக்கு ரசிகையானாள். இந்த ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாருமே அந்தக் கோட்டோரத்து ஆட்கள்தான்.

அவர்களுக்குத் தலைவர் சாம்பசிவம். பாதுகாப்புத் துறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முப்பது வருஷ ஹைதராபாத்வாசி, தமிழிலேயே ஊர் உருதுவைக் கலந்து பேசுவார். மேனேஜர் என்று அவரை யாரும் நியமிக்கவில்லை, விசில் அவர் கழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். ரோகிணியின் ஒழுங்கைப் பார்த்து, ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆட்டக்காரர்களுக்குப் போன் போடும் வேலையை அவளிடம் தள்ளிவிட்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கோல்கீப்பர் நிகில் முந்திக்கொண்டு அவனே கூப்பிட்டான். முந்தைய வாரம் கைக்குள் வந்த பந்தைக் காலுக்கிடையில் விட்டு கோல் வாங்கியிருந்தான். குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

“ஷாப்லோ லேட் அவுதுந்தி அக்கா. ரேப்பு நேனு ராவாலா?”

கடையில் நேரமாகும், நாளைக்கு நான் வரணுமா என்று கேட்கிறான். சீக்கிரம் வந்தாக வேண்டுமா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டாள் ரோகிணி. ரயில்வே காலனித் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்தவன், பேசுமளவு தமிழ் அவனுக்கு வரும். ஆனால் படித்த தெலுங்கைக் காட்டிக்கொள்ள அவளுக்கு ஒரு ஆசை.

“அவசரம் லேது, நிகில்” என்றாள். ஒன்றும் அவசரமில்லை, நிதானமாக வா என்கிற அர்த்தத்தில்.

“சரே அக்கா.” போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவேயில்லை.

அன்றைக்கு எதிரணி கொண்டாப்பூர். லீக்கில் மல்காஜ்கிரி முதலிடம், இரண்டு புள்ளி பின்னால் சைனிக்புரி. கொண்டாப்பூரை ஜெயித்துவிட்டால், அடுத்த வாரம் சைனிக்புரியோடு டிரா செய்தாலே கோப்பை. நிகில் போனை எடுக்கவில்லை. டிஃபென்ஸில் ஆடும் பையன் ஒருவனுக்குக் கையுறையை மாட்டி கோலில் நிறுத்தினார்கள். பாவம், அவன் பந்தைக் கண்டதும் பழக்கதோஷத்தில் உதைக்கப் போனான். 2-2. அதே சாயங்காலம் சைனிக்புரி ஜெயித்தது. புள்ளி சமம், கோல் கணக்கில் அவர்கள் மேலே.

“கைக்குமா, எதுக்கு இப்படிப் பண்ணான் நிகில்?” சாம்பசிவம் விசிலைக் கழற்றித் தரையில் போட்டார். “வேலை பாக்குறது எங்கே? சைனிக்புரி மெடிக்கல் ஷாப்ல. போதாதா? வாங்கிட்டானுங்க அவனை.”

“அப்படியெல்லாம் இருக்காது அங்கிள். உடம்பு சரியில்லையோ என்னவோ.”

“நக்கோமா, நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாதே.”

ராத்திரிக்குள் வாட்ஸ்அப் குழுவில் நிகிலுக்கு ‘சைனிக்புரி மாப்பிள்ளை’ என்று பேர் விழுந்தது. பிறகு சாம்பசிவம் அவனைக் குழுவை விட்டே நீக்கினார். அவன் மேல் ரோகிணிக்கும் கோபம் இருந்தது. அதை அவள் எழுதவும் செய்தாள்: ‘வராதவன் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.’

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஸ்மிதா மேடம் பலகையில் எழுதினார்: நாகு நீள்ளு அவசரம். தமிழில் சொல்லச் சொன்னார். சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாக வரும்.

“எனக்குத் தண்ணி அவசரமா வேணும்” என்றாள் ரோகிணி.

“எல்லா தமிழ்க்காரங்களும் விழற குழி இது. அவசரம்னா தேவை, ரோகிணி. எனக்குத் தண்ணி தேவை. அவ்வளவுதான்.”

“அப்போ... அவசரம் லேதுன்னா?”

“தேவையில்லை.”

“நம்ம அவசரத்துக்கு என்ன மேடம்?”

“தொந்தர.”

வகுப்பே சிரித்தது. ரோகிணி மட்டும் சனிக்கிழமை போனை நினைத்துக்கொண்டாள். நாளைக்கு நான் வரணுமா என்று ஒருவன், அதுவும் ஏற்கெனவே நொந்துபோயிருந்த ஒருவன் கேட்கிறான். நீ தேவையில்லை என்று பேர் சொல்லிச் சொல்லியிருக்கிறாள். ‘லேது’ சரியா ‘காது’ சரியா என்று கேட்க அவளுக்கு நினைவே வரவில்லை.

போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுநாள் அலுவலகம் முடிந்து நேரே சைனிக்புரிக்குப் போனாள். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அவள் கைப்பையில் தொங்கிய மல்காஜ்கிரி பச்சை ரிப்பனைப் பார்த்துவிட்டார்கள்.

“க்யா மல்காஜ்கிரி, கோல்கீப்பர் கிதர்?” என்றான் ஒருவன், கோல்கீப்பர் எங்கே என்று நக்கலாக. மற்றவன் சிரித்தான்.

நிகில் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றான். அவளைப் பார்த்ததும், “ஏம் காவாலி மேடம்?” என்றான், வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்பது போல. அக்கா போய் மேடம் வந்திருந்தது.

அவள் தமிழிலேயே சொன்னாள். எங்கள் ஊரில் அவசரம் என்றால் சீக்கிரம், வேகம். மெதுவாக வா என்றுதான் சொன்னேன். அவன் கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டான்.

“நிஜமா?”

“சத்தியமா.”

அவனுக்கு ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. “அக்கா, நீ சொன்னே, நான் வரலே. அது சின்ன விஷயம். ஆனா நான் சைனிக்புரி மாப்பிள்ளையா? சின்ன வயசுலேர்ந்து அந்த கிரவுண்டுல ஆடறேன். ஒருத்தர் கூட ஏன் வரலேன்னு கேக்கலே.”

“நீ போன் எடுக்கலையே நிகில்.”

“நீயே தேவையில்லேன்னு சொன்னப்புறம் எதுக்கு எடுக்கணும்?” அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, “நான் வரேன். ஆனா நான் போய் எதுவும் சொல்ல மாட்டேன். சாம்பசிவம் அங்கிள் கிட்ட நீ சொல்லு. எல்லார் எதிர்லயும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். குழுவில் எழுதிப் போட்டால் முடிந்துவிடும். ஆனால் நேற்று வந்தவள் ஒருத்தி இரண்டு புள்ளியைத் தொலைத்தாள் என்று இனி யாரும் அவளை அந்தக் கோட்டோரத்தில் சேர்க்காமல் போகலாம். சொல்லாவிட்டால் சேர்ப்பார்கள், நிகிலை ஏசிக்கொண்டே சேர்ப்பார்கள்.

வியாழக்கிழமை முதன்முறையாக வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு பயிற்சி நடக்கும் மைதானத்துக்குப் போனாள். எல்லாரும் வட்டமாக நின்றபோது சொல்லிவிட்டாள். மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை, உளறினாள். ஆனால் நடந்தது விளங்கிவிட்டது.

சாம்பசிவம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடிப்பாவி! முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேமா!”

“தப்புதான் அங்கிள். நிகில் மேல எந்தத் தப்பும் இல்ல.”

“ஹவ், ஹவ், புரிஞ்சுது.” அவர் போனை எடுத்து நிகிலைக் குழுவில் மறுபடி சேர்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி அவனுக்குக் குரல் செய்தி அனுப்பினார்: “பேட்டா, நான் அவசரப்பட்டுட்டேன். தமிழ் அவசரம்.”

ஞாயிறு ஆட்டம் சைனிக்புரி மைதானத்தில். இந்தக் கதை அதற்குள் அங்கேயும் பரவியிருந்தது. நிகில் கோலுக்குப் போய் நின்றதுமே அந்தப் பக்கத்துக் கூட்டம் கைதட்டிப் பாட ஆரம்பித்தது: “நிகில்! அவசரம் லேது! நிகில்! அவசரம் லேது!”

ரோகிணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் சாம்பசிவம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அறுபது வயதுக் குரலில் திருப்பிக் கத்தினார்: “நிகில் மாகு அவசரம்!” எங்களுக்கு நிகில் வேண்டும். மொத்தக் கோட்டோரமும் அதைப் பிடித்துக்கொண்டது.

முதல் பாதியில் சைனிக்புரி ஒரு கோல். இரண்டாம் பாதியில் மல்காஜ்கிரி ஒன்று. அதன் பிறகு நடந்ததெல்லாம் நிகிலின் கோல் வாசலில்தான். மூன்று முறை பாய்ந்து தடுத்தான். மூன்றாவதில் பந்து அவன் வலது சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு போனது. வெளியே வரச் சொன்னார்கள், வரவில்லை. கடைசி நிமிடத்தில் மல்காஜ்கிரி அடித்த பந்து கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே போனது.

1-1. கோப்பை சைனிக்புரிக்கு.

கொண்டாப்பூரை ஜெயித்திருந்தால் இந்த டிராவே போதுமாயிருந்திருக்கும். அந்தக் கணக்கு திரும்பி வரும் வேனில் எல்லார் மனசிலும் ஓடியது. யாரும் வாய் விட்டுச் சொல்லாததால் ரோகிணியே கேட்டாள்.

“கோபமா அங்கிள்?”

“இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஹோலி வரைக்கும் இருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அடுத்த சீசன் போன் யார் போடுறது? நான்தான் பேசுவேன், நீ லிஸ்ட் வெச்சுக்கோ.”

பின் சீட்டில் நிகில் விரலை ஐஸ் பையில் செருகிக்கொண்டிருந்தான். அது வீங்கி ஊதா நிறமாகிவிட்டிருந்தது. “அக்கா, இந்தக் கையால கையெழுத்துகூடப் போட முடியாது. நாளைக்கு டாக்டர்கிட்ட நீ கூட வா” என்றான்.

வருகிறேன் என்றாள். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. இரண்டும் அவனுக்குப் புரிந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். வீட்டுக்கு வந்து எழுதினாள்.

16.2.2025, ஞாயிறு. நாளை காலை நிகிலை எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். ஆபீசில் அரை நாள் லீவு சொல்ல வேண்டும்.