இடது பக்கத்தின் முறை

கார் மூன்றாவது தடவையாக வந்து நின்றபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது, சந்தேகம் வரவில்லை. தன் வேலையைத் தானே சந்தேகப்படுகிற வழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. அந்தப் பட்டறையில் இன்ஜின் கணவர் பொறுப்பு. வயர், கரண்ட், ஏசி எல்லாம் அவள் ராஜ்ஜியம்.

ஓட்டி வந்தவள் நாத்தனார், கணவரின் தங்கை. ஸ்கேனரைச் சொருகியதும் பழைய எரரே பல்லை இளித்தது: இடது பக்கக் காற்றுக் கதவு, நிலை தவறு. டாஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டிக் கதவு நகர்ந்துதான் குளிர்காற்றையும் சூட்டையும் பிரித்துவிடும். அதைத் தள்ளுகிற மோட்டாரில் பல்சக்கரம் உடைந்திருந்தது. புது மோட்டார் போட்டாள், எரர் வந்தது. வயரை முழுக்க அலசினாள், அப்போதும் வந்தது. ஓட்டுகிறவருக்கு ஜில்லென்ற காற்று, பக்கத்தில் உட்காருகிறவருக்கு அனல்.

பக்கத்தில் உட்காருகிறவர் நாத்தனாரின் கணவர். சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள ஒருநாள் விட்டு ஒருநாள் மருத்துவமனைக்குப் போகிறவர். திரும்பும்போது கையைத் தூக்கவே தெம்பிருக்காது. அந்த அனலில் குமட்டி, வழியெல்லாம் வாந்தி.

"நாளைக்கு வரமாட்டேன்னுட்டாரு அண்ணி. அந்த அடுப்புல உக்கார்றதுக்கு வீட்லயே கிடந்து செத்துப்போறேங்கிறாரு. சும்மா சொல்லல, மனசு விட்டுப்போச்சு அவருக்கு."

"வேற வண்டி?"

"வாந்தி எடுக்கிற ஆள எவன் ஏத்துறான்?"

"சாயங்காலம் அவரக் கூட்டிட்டு வா. ஜில்லுனு அனுப்புறேன்."

அடுத்த தெருவில்தான் வீடு. நாத்தனார் நடந்தே போனாள். வாய் வாக்குக் கொடுத்துவிட்டது, இனி கைதான் பதில் சொல்ல வேண்டும்.

பேட்டரியைக் கழற்றினாள். மோட்டாரை வெளியே எடுத்து மேஜையில் வைத்து ஓட்டினாள். சமர்த்தாக ஓடியது. மறுபடி பொருத்தி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பிய நேரத்தில் நாத்தனாரிடமிருந்து போன். ஒரு கையில் போன், மறுகையில் கீழே விழப்பார்த்த டாஷ்போர்டு மூடி.

"சுவத்தப் பாத்துப் படுத்திருக்காரு அண்ணி. நான் என்ன சொல்லிக் கூட்டிட்டு வர?"

டாஷ்போர்டுக்குள் ஒரு உறுமல் கேட்டு நின்றது. இன்னொன்று. பிறகு, இதுவரை அவள் காதில் விழாத ஒன்று, இடது ஓரத்திலிருந்து.

"நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு ஸ்கேனரைப் பார்த்தாள். எரர் இல்லை.

இத்தனை நாளும் சாவியைத் திருப்பிய கையோடு அவள் விரல் ஏசி பட்டனுக்குப் போய்விடும். செய்த வேலை பலித்ததா என்று உடனே பார்த்தாக வேண்டும் அவளுக்கு. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு கதவும் இந்த ஓரம் வரை, அந்த ஓரம் வரை போய்த் தன் எல்லையைப் படித்துக்கொள்ளும். நடுவில் பட்டனைத் தொட்டால் படிப்பு அரைகுறை. இந்தக் காரில் இடது பக்கத்தின் முறைதான் கடைசி. இன்றைக்கு இரண்டு கையும் சும்மா இல்லாததால்தான் பட்டன் தப்பியது. வேலையைச் செய்த கையே வேலையைக் கெடுத்திருக்கிறது.

சும்மா நம்பிவிடுகிற ஆளில்லை அவள். பேட்டரியை மறுபடி கழற்றி மாட்டி, வேண்டுமென்றே பட்டனை அழுத்தினாள். எரர் வந்தது. திரும்பவும் கழற்றி மாட்டி, துறுதுறுத்த கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். வரவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

மனைவி கெஞ்சியதற்காக, சாயங்காலம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார் அவர். காரைப் பார்த்ததுமே முகம் சுண்டிவிட்டது. அவருக்காகவே பேட்டரியை மாட்டாமல் வைத்திருந்தாள்.

"உக்காருங்கண்ணா. இன்னிக்கு நீங்களே காதால கேளுங்க."

பின் சீட்டில் நாத்தனார். இவள் பேட்டரியை மாட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பியதும், பின்னாலிருந்து ஒரு கை பட்டனை நோக்கி நீண்டது. அதில் ஒரு அடி போட்டாள்.

"கைய மடியில வை. உங்க குடும்பத்துக்கே பொறுமை கிடையாது."

"நீங்க மட்டும் என்னவாம் அண்ணி?"

"அதான் இவ்ளோ நாள் ஆச்சு. பேசாம இரு."

முதல் உறுமல் எழுந்து அடங்கியது. அடுத்தது. "இப்ப உங்க முறைண்ணா" என்றாள். அவர் முழங்காலுக்கு அருகே மோட்டார் முனகி, போய், திரும்பி வந்து நின்றது. அதன்பிறகுதான் இன்ஜினைக் கிளப்பி ஏசியைப் போட்டாள்.

குளிர்காற்று அவர் முகத்தில் பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். இவளுக்கு அன்றைக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கிளம்பணும்?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

பின் சீட்டில் நாத்தனார் பதில் சொல்லப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

"எப்பவும் போற நேரம்தாண்ணா" என்றாள் இவள்.