கட்டிலில் காயும் தீவனம்

1

இறால் வளர்ப்பு இதழ் ஒன்றில் வைட்டமின் சி பற்றிக் கட்டுரை கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் பெனிஷா வந்துவிட்டாள். கட்டுரை அங்கேயே நின்றது. மிச்சம் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "நூம்பலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி. அதைக் கட்டி நன்னீர் இறால் விட்டவள் என் மனைவி பெனிஷா. போன வருடம் அவள்"

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். இறந்துவிட்டாள். அது போதும்.)

இரண்டாவது தொடக்கம்: "இறாலால் வைட்டமின் சி-யைத் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது.* தீவனத்தில்தான் வர வேண்டும். குறைந்தால் ஓட்டுக்கடியில் கறுப்புத் திட்டு விழும். பழைய ஓட்டைக் கழற்றும்போது செத்துப்போகும்."

இது நிற்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

*மனிதனாலும் முடியாது. கதைக்குத் தேவையில்லை.

3

எங்கள் இறால்கள் செத்துக்கொண்டிருந்தன. இவையும் போனால் தொட்டியை இடித்துவிடுவது என்று மாமியார் சகாயம்மாள் முடிவு செய்திருந்தார்.

"அவளே பூட்டா. தொட்டி மட்டும் இன்னாத்துக்கு மாப்ள?"

நான் தொட்டிப் பக்கம் போனேன். (இந்தக் கதாநாயகன் பேசவே மாட்டேன் என்கிறான். ஒரு வசனம் கொடுத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.)

வைட்டமின் போடாமல் இல்லை. தூளை முட்டை வெள்ளைக்கருவில் கரைத்து, தீவனத்தில் பிசிறி, மொட்டை மாடி வெயிலில் காயவைப்போம். இந்த வீட்டில் மிளகாய், கருவாடு எல்லாம் காய்வது அங்கேதான்.

4

மழை பிடித்தது. கூடத்தில் துணி தொங்கியது. கட்டிலில் பெனிஷா படுக்கும் பக்கம் காலி. செய்தித்தாள் விரித்து, மின்விசிறியைப் போட்டு, தீவனத்தை அங்கே பரப்பினேன்.

மைத்துனன் ஜாபஸ் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், எறாவுக்குப் பஞ்சு மெத்தையா? அப்டியே ஒரு தலகாணியும் குடு."

"தள்ளுடா. கொட்டிடும்."

"அக்கா பாத்திருந்தா ஒதச்சிருக்கும்."

"ஒதச்சிருக்கும்."

அவன் சிரித்தான். எனக்கும் கொஞ்சம் வந்தது.

மழை முடியும்வரை தீவனம் அங்கேதான் காய்ந்தது. சாவு நின்றது. வெயில் திரும்பியதும் மாமியார் தீவனத்தை மாடிக்கு ஏற்றினார். கறுப்புத் திட்டும் திரும்பியது.

நான் வேதியியல் படித்தவன். அப்போதுதான் உறைத்தது.

"அத்தை, எறக்குங்க. வெயிலு சத்த அழிச்சிடுது."

"எங்க காயவெக்கிறது?"

"கட்டில்ல."

என்னைப் பார்த்தார். பிறகு முறத்தைத் தூக்கிக்கொண்டு அவரே இறங்கினார்.

5

ஒரு முடிவு: எல்லாம் செத்தன. தொட்டியை இடித்தோம்.

(என்னைப் போன்றவனிடம் வாசகர் எதிர்பார்ப்பது இதைத்தான். நடக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

நடந்தது: ஒரு காலை, தொட்டி ஓரமெல்லாம் வெற்று ஓடுகள், கண்ணாடிபோல. பயந்து கையை விட்டுத் துழாவினேன். உள்ளே இறால்கள் துள்ளின. ஒன்றைப் பிடித்தேன். புது ஓடு. திட்டே இல்லை.

"அத்தை!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அறுவடையன்று வலை கனத்தது. ஜாபஸ் விசிலடித்தான். அத்தை வாசலுக்கே போய்விட்டார்.

"எம்பொண்ணு கட்ன தொட்டி! வந்து பாருங்க எல்லாரும்!"

அன்று தெருவில் பாதி வீட்டில் எங்கள் இறால்தான் குழம்பு. கை கழுவியதும் அத்தை கேட்டார்: "அடுத்த குஞ்சு எப்போ உடுறீங்க மாப்ள?"

6

தீவனம் காய, பின்பக்க நிழலில் கம்பிவலை வைத்து ஒரு பரண் அடித்துத் தந்திருக்கிறான் ஜாபஸ். நல்ல காற்று. கட்டில் இனித் தேவையில்லை.

புதுக் குஞ்சுகள் வந்தாயிற்று. தீவனம் பிசிறி முறத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பரண். ஒரு பக்கம் கட்டில்.

எங்கே பரப்பினேன் என்று எழுதப்போவதில்லை. முறம் இதோ. நீங்களே பரப்புங்கள்.

வெயிலில் மட்டும் வேண்டாம்.